இலையைத் திருப்பிப் பாருங்கள்!

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையில் ஒரு கிளி உண்டு.

அது கல்லில் செதுக்கிய கிளி அல்ல. தங்கக் கிளியும் அல்ல. இலைக் கிளி!

மாதுளம் பூ அதன் மூக்கு. மரவள்ளி இலை அதன் உடம்பு. நந்தியாவட்டை இலை அதன் சிறகு. இந்தக் கிளியைத் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். ஒரு கிளி செய்து முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

பூச்சி கடித்த இலையில் சிறகு செய்ய முடியுமா? முடியாது. இலையைப் பறிக்கும்போதே முன்னும் பின்னும் பார்த்தாக வேண்டும்.

வீட்டு வாசலில் செடி வளர்ப்பவர்களும் இப்படிப் பார்த்தால், பாதி மருந்துக் கடைகளில் கூட்டம் குறைந்துவிடும்!

ஆனால் நடப்பது என்ன?

ராஜபாளையத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு செம்பருத்தி. அதன் பக்கத்தில் குரோட்டன்ஸ் தொட்டி. பின்பக்கம் ஒரு சப்பட்டை மாமரம். ஒரு நாள் காலையில் வீட்டுக்கார அம்மாள் பூப்பறிக்கப் போகிறார். இலை சுருண்டிருக்கிறது. மேலே கரி பூசியது போல் கறுப்பு.

"ஏங்க! செடியெல்லாம் கறுத்துப் போச்சு. வரும்போது ஏதாவது மருந்து வாங்கிட்டு வாங்க" என்கிறார்.

கணவர் கடைக்குப் போகிறார். "செடி கறுத்துப் போச்சு. நல்ல மருந்தாக் கொடுங்க" என்கிறார். கடைக்காரர் செடியைப் பார்க்கவில்லை. வாங்குபவர் இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் ஒரு புட்டி விஷம் கைமாறுகிறது! மாலையில் அது செடி மேல் விழுகிறது. குழந்தைகள் விளையாடும் அதே வாசலில் விழுகிறது.

காய்ச்சல் வந்த குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, டாக்டரிடம் போய் ஊசி மட்டும் வாங்கி வருவார்களா? செடிக்கு மட்டும் அப்படிச் செய்கிறார்கள்.

கறுப்பு எங்கிருந்து வந்தது?

அந்தச் செம்பருத்தியையே எடுத்துக்கொள்வோம்.

இலை மேல் உள்ள கறுப்பை விரலால் தேய்த்தால் கையோடு வந்துவிடும். அதற்குக் கீழே இலை பச்சையாகவே இருக்கும். ஆகவே, அது இலையின் நோய் அல்ல. இலை மேல் படிந்த கரும்பூசணம்.

பூசணம் ஏன் அங்கே வந்தது? அங்கே இனிப்பு இருக்கிறது!

இலையைத் திருப்பினால் திருடன் அகப்படுவான். நரம்பு ஓரத்திலும் தளிர் இடுக்கிலும் வெள்ளை வெள்ளையாக, மாவு ஒட்டியது போல் இருக்கும். அதுதான் மாவுப்பூச்சி. அது இலையின் சாற்றை உறிஞ்சும். குடித்தது போக மிச்சத்தைத் தேன் போன்ற நீராக வெளியே விடும். அந்த நீர் கீழே உள்ள இலைகளில் சொட்டும். அதில்தான் கரும்பூசணம் வளர்கிறது.

தென்னை ஓலையிலும் இதே கதைதான். அங்கே திருடன் சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட ஈ இது. ஓலையின் அடியில் சுருள் சுருளாக முட்டையிடும். தென்னைக்குக் கீழே நிற்கும் வாழையும் கொய்யாவும்கூடக் கறுத்துப் போகும். மாமரத்தில் கறுப்பு என்றால், பெரும்பாலும் தத்துப்பூச்சியின் வேலை.

கறுப்புக்கு மருந்து அடித்தால் பூச்சி போகாது. பூச்சி போனால் கறுப்பு தானே நின்றுவிடும்.

எறும்பு சாட்சி!

செடியில் எறும்பு சாரை சாரையாக ஏறுகிறதா? அது சும்மா ஏறவில்லை. மாவுப்பூச்சி விடும் இனிப்பு நீரைக் குடிக்க ஏறுகிறது. இடையன் மாட்டைக் காப்பது போல, எறும்பு மாவுப்பூச்சியைக் காக்கிறது. அதைத் தின்ன வரும் பூச்சிகளைக் கடித்து விரட்டுகிறது.

ஆகவே, முதலில் எறும்பின் வழியை அடைக்க வேண்டும். தண்டைச் சுற்றித் துணி கட்டி, துணி மேல் கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும். ஆனால் ஒரு கிளை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் எல்லாம் வீண். எறும்புக்கு அதுவே பாலம்! அந்தக் கிளையை வெட்டிவிட வேண்டும்.

பூச்சி மொய்த்த நுனிகளைக் கிள்ளி, சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். மற்ற இலைகளின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்ச வேண்டும். பாதிப் பூச்சி அதிலேயே உதிர்ந்துவிடும்.

அப்புறமும் இருந்தால் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி எண்ணெய். எண்ணெயும் தண்ணீரும் சேராது அல்லவா? அதனால் 5 கிராம் சோப்பைக் கரைத்துச் சேர்க்க வேண்டும். நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடியில் படும்படி தெளிக்க வேண்டும். முதல் நாள் ஓர் இலையில் மட்டும் தெளித்துப் பார்ப்பது நல்லது. சில செடிகளின் தளிர் தாங்காது.

வேப்பங்கொட்டை கிடைக்கிற வீட்டில் எண்ணெய்கூட வேண்டாம். 50 கிராம் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வைத்து, காலையில் வடிகட்டிக் கொஞ்சம் சோப்பு சேர்த்தால் அதுவே மருந்து.

கரும்பூசணம் போக என்ன வழி? கஞ்சி! ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா மாவு. கூழாகக் காய்ச்சி, ஆற வைத்து, நீர்க்கக் கரைத்துத் தெளித்தால், அது காய்ந்து ஏடாகக் கழன்று விழும். கறுப்பும் அதோடு கழன்று விழும். தென்னை விவசாயிகளுக்கு வேளாண்மைத் துறையினர் சொல்லிக் கொடுத்த வைத்தியம் இது. சோறு வடித்த கஞ்சியும் இந்த வேலையைச் செய்யும்.

2008-ல் வந்த ஆபத்து

"இதெல்லாம் பாட்டி வைத்தியம். விஷம் அடித்தால்தான் பூச்சி சாகும்" என்று சொல்வோர் உண்டு.

அவர்கள் 2008-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு கோவையில் ஒரு புது மாவுப்பூச்சி தலைகாட்டியது. அதன் தாய்நாடு மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். பெயர் பப்பாளி மாவுப்பூச்சி. ஆனால் பப்பாளியோடு அது நிற்கவில்லை. மரவள்ளி, மல்பெரி, பருத்தி, செம்பருத்தி என்று கண்டதையெல்லாம் பிடித்தது. ஒரு பெண் பூச்சி 100 முதல் 600 முட்டைவரை இடும். தோட்டங்கள் பனி பெய்தது போல் வெளுத்தன.

விவசாயிகள் மருந்து அடித்தார்கள். மறுபடியும் அடித்தார்கள். பூச்சி சாகவில்லை! காரணம், அதன் உடம்பு மேல் மெழுகு. மருந்து உள்ளே இறங்குவதில்லை. மெழுகு இல்லாத நல்ல பூச்சிகள்தான் செத்தன.

கடைசியில் எதிரியை எதிரியின் ஊரிலிருந்தே கொண்டுவந்தார்கள். 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் பெங்களூருக்கு வந்தன. குளவி என்றால் கொட்டுகிற குளவி அல்ல. எள்ளைவிடச் சிறியது. அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே தின்று வெளியே வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதைப் பெருக்கி, தோட்டம் தோட்டமாக விட்டது. சில மாதங்களில் பூச்சியின் கொட்டம் அடங்கியது.

விஷத்தால் முடியாததை எள்ளளவு குளவி செய்தது!

இன்றும் வீட்டுச் செடிகளில் இப்படிப்பட்ட காவலர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைத்தான் ஜனங்கள் தெரியாமல் நசுக்குகிறார்கள். மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டு உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் புழு பார்வைக்கு மாவுப்பூச்சி போலவே இருக்கும். அதே வெள்ளை; அதே பஞ்சு!

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு குச்சியால் லேசாகத் தொட வேண்டும். அசையாமல் கிடந்தாலோ மெல்ல நகர்ந்தாலோ அது மாவுப்பூச்சி. சுறுசுறுப்பாக ஓடினால் அது நண்பன். அதைக் கொல்லக் கூடாது.

நோயே இல்லாத நோய்

சில வீடுகளில் வியாதியே இல்லாத மரத்துக்கு வைத்தியம் நடக்கிறது.

பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தைப் பார்த்திருப்பீர்கள். குழந்தைகள் அதைப் பாதாம் மரம் என்பார்கள். அதன் இலை உதிரும் முன் செக்கச் செவேல் என்று ஆகும். உடனே ஒருவர் யூரியாவைக் கொண்டுவந்து கொட்டுகிறார்! அந்த மரத்துக்கு அது இயற்கை. கொஞ்ச நாளில் புது இலை வந்துவிடும்.

மாந்தளிர் செம்பு நிறத்தில் வருவதும் நோய் அல்ல. "மாந்தளிர் நிறம்" என்று புடவைக்கே பெயர் வைத்த நாட்டில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

குளிர் தேசங்களில் இப்படிச் சிவக்கும் மரங்களில் பேர் பெற்றது மேப்பிள். கனடா நாட்டுக் கொடியில் 1965 முதல் இருப்பது அந்த மரத்தின் இலைதான். அங்கே வீட்டு வாசலில் அழகுக்கு அதை வளர்க்கிறார்கள். அந்த மரத்தின் இலையிலும் தார் சொட்டியது போலக் கறுப்புப் புள்ளி விழும். பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் மரத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை. உதிர்ந்த இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்தினால், அடுத்த வருஷம் புள்ளி குறையும். அங்கேயும் ஜனங்கள் பதறத்தான் செய்கிறார்கள்.

இங்கே அந்த வேடிக்கை புங்க மரத்தில் நடக்கிறது. புங்க இலை மேல் விரல் விரலாகக் கட்டி முளைக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் செய்யும் வேலை அது. இலை அவலட்சணமாகப் போகுமே தவிர, வளர்ந்த மரம் அதனால் விழாது. பழையபடி நிழல் தரும். அதற்கு மருந்து வாங்குவது காசைக் கரியாக்குவதுதான்.

மேற்கே மலையைப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடு 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் ஆயிற்று. 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று. அந்தக் காட்டில் கடிபடாத இலை உண்டா? அங்கே யார் மருந்து அடிக்கிறார்கள்? பத்து இலையில் ஒன்றில் ஓட்டை விழுந்தால் மரம் செத்துவிடாது. அந்த ஓட்டையைப் போட்ட புழுதான் குருவிக் குஞ்சின் சாப்பாடு.

காலடியில் இருக்கும் காரணம்

பூச்சியும் இல்லை, புள்ளியும் இல்லை. ஆனால் இலையின் ஓரம் மட்டும் தீய்ந்த தோசை போல் காய்கிறது. அப்போது என்ன?

அப்போது இலையை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்க வேண்டும்.

வெயில் காலத்தில் வேர் கொடுக்கும் தண்ணீரைவிட, இலை இழக்கும் தண்ணீர் அதிகம். வேரிலிருந்து தூரத்தில் இருப்பது இலையின் நுனியும் ஓரமும். அவைதான் முதலில் காயும். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தாலும் இதே அடையாளம்தான். உப்பு நுனியில் சேர்ந்து சுட்டுவிடும்.

தினமும் ஒரு செம்பு தெளித்தால் மேல் மண்தான் நனையும். நாலு நாளுக்கு ஒரு முறை நிறையவே ஊற்ற வேண்டும். வேரடியில் காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் நிற்கும். உப்புத் தண்ணீர் ஊற்றும் வீட்டில், மழைக்காலத்தில் மாடித் தண்ணீரைச் செடிப் பக்கம் திருப்பிவிட்டால் மண்ணில் உள்ள உப்பு கீழே இறங்கிவிடும். தொட்டிச் செடி விஷயம் வேறு. மண் ஈரமாக இருந்தும் இலை மஞ்சளாகி உதிர்ந்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. வாசல் முழுவதும் சிமெண்ட்! மரத்தின் கழுத்துவரை டைல்ஸ்! தண்ணீர் இறங்க ஒரு சாண் மண் இல்லை. அந்த மரத்தின் இலை வாடினால் அதற்கு எந்தக் கடையில் மருந்து இருக்கிறது? கடப்பாரைதான் மருந்து. அடிமரத்தைச் சுற்றி இரண்டடிக்காவது சிமெண்டைப் பெயர்த்து எடுக்க வேண்டும்.

வீடு கட்டியபோது சிமெண்டும் சுண்ணாம்பும் கொட்டிய இடத்தில் செம்பருத்தி வைத்தால், தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியவில்லை என்று பொருள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். ஆனால் மண்ணை மாற்றாவிட்டால் மறுபடியும் வெளுக்கும். தளிர் நன்றாக இருந்து அடியிலைகள் மட்டும் மஞ்சளானால், அது வயதான இலை. அல்லது சாண எரு போதவில்லை.

விஷம் வேண்டவே வேண்டாமா?

வேண்டும் நேரமும் உண்டு. இலை மேல் விபூதி பூசியது போல் வரும் சாம்பல் நோய்க்கு, தண்ணீரில் கரையும் கந்தகத் தூள் நல்ல மருந்து. லிட்டருக்கு 2 கிராம். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் இதைத் தெளிக்கக் கூடாது.

கொல்லையில் பெரிய மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு வேறு மருந்தும் தேவைப்படலாம். அது அவர் தொழில். ஆனால் நாலு பூச்செடிக்கும் ஒரு துளசி மாடத்துக்கும் தோப்புக்கு அடிக்கும் மருந்தை வாங்கி வருவது என்ன நியாயம்? துளசியைக் குழந்தைக்கு இருமலுக்குக் கொடுக்கிறார்கள். கறிவேப்பிலை குழம்பில் விழுகிறது. அந்த இலைகளில் விஷம் படலாமா?

மருந்துப் புட்டியில் ஒரு வண்ணக் கட்டம் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் அதைப் படிக்கலாம். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள். அதற்கும் குறைந்தது நீலம். எல்லாவற்றிலும் குறைந்தது பச்சை. சிவப்பும் மஞ்சளும் குழந்தைகள் உள்ள வீட்டுக்குள் நுழையவே கூடாது. மிச்சத்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பது அதைவிட மோசம். தாகம் எடுத்த குழந்தைக்குப் புட்டிதான் தெரியும்; உள்ளே இருப்பது தெரியாது.

கடைக்காரரையே குறை சொல்லியும் பயன் இல்லை. "ஏதாவது கொடுங்க" என்று கேட்டால் அவர் ஏதாவதுதான் கொடுப்பார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோட்டக்கலைத் துறை அதிகாரிகளும் இருக்கிறார்கள். இலையோடு போய்க் கேட்கலாம்.

போகும்போது ஒரே ஓர் இலையைப் பறித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு போகக் கூடாது. நோய் கண்ட இலை இரண்டு, இப்போதுதான் நோய் தொடங்கிய இலை இரண்டு, நல்ல இலை ஒன்று பறிக்க வேண்டும். நுனியிலிருந்தும் எடுக்க வேண்டும். அடியிலிருந்தும் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து அழுகிவிடும். பழைய செய்தித்தாளில் மடித்து, பறித்த அன்றே கொண்டுபோக வேண்டும். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள், கடைசியாக என்ன தெளித்தீர்கள் என்று கேட்பார்கள். வீட்டில் தண்ணீர் ஊற்றுகிறவர் யாரோ, அவரே போவது நல்லது.